ரெண்டு வால்வும் என் பக்கம்

நீங்க மட்டும் இல்ல டீச்சர், வீடு பாக்க வந்தவுக எல்லாரும் இதையேதான் கேக்குறாக. ரூமு பெருசா இருக்கு, தண்ணி வருது, காத்து வருது, எல்லாம் சரின்னுட்டு கடைசியில அடுப்படிக்குள்ள போவாக. மேடையத் தடவிப் பாப்பாக. அப்புறம், "கேஸை மூடுற வால்வு எங்க இருக்கு?"ம்பாக. இந்தா இருக்கே, என் அடுப்படியில. ரெண்டு மஞ்சக் கைப்பிடி தெரியுதா? இடது பக்கம் இருக்கறது என் அடுப்புக்கு. வலது பக்கம் இருக்கறது பின்கட்டுக்கு, உங்களுக்கு வாடகைக்கு விடுற பக்கத்துக்கு. சுவத்துல ஓட்டை போட்டு பைப்பு அங்கிட்டுப் போகுது.

ஏன் இப்படி வச்சீகன்னுதானே கேக்குறீக? உக்காருங்க, சொல்றேன். எனக்கு மக வயசு இருக்கும் உனக்கு, நீன்னே பேசுறேன், கோவிச்சுக்கிராத தாயி. ஃபேன் போடவா? சரி, வேணாம்னா விடு.

முதல்ல ஒண்ணைத் தெரிஞ்சுக்க. இது ஒரே அடுப்படியா இருந்த வீடு. இந்தச் சுவரு மூணு வருசத்துக்கு முன்னாடி கிடையாது. எங்க வீட்டுக்காரவுக, நான், என் கொழுந்தன் ராமசுப்பு, அவன் பொண்டாட்டி ஜெயசுதா, எல்லாரும் ஒண்ணாப் பொங்கித் தின்ன வீடு. கொழுந்தன் லோடு வேன் ஓட்டுறான். மாமனாரு மாமியாரு அப்பவே இல்ல. சாத்தூர்ல போயிப் பொண்ணு பாத்து, தாய் தகப்பன் இடத்துல நின்னு கட்டி வச்சது நாங்கதான். நாங்கன்னா நான்தான். அவுக நூல் மில்லுல ஃபிட்டரு, ஷிஃப்ட்டுக்குப் போனா அவுகளுக்கு வீட்டு நெனப்பே வராது.

எனக்குப் பிள்ள இல்ல. சொல்றதுக்கு என்ன வெக்கம். இல்லைன்னா இல்ல. ஜெயசுதாவுக்கு ஒரே மக, யாழினி. பெரியம்மா பெரியம்மான்னு என் முந்தானையப் பிடிச்சுக்கிட்டேதான் திரியும். அவ ஆத்தா ஊட்டுனாத் திங்காது, நான் ஊட்டுனாத்தான் திங்கும். சத்தியமாச் சொல்றேன், அந்தப் பிள்ளைக்கு வாயில என்னென்ன பல்லு எப்பெப்ப முளைச்சுச்சுன்னு அவ ஆத்தாளைக் கேட்டாத் தெரியாது, என்னைக் கேளு.

ஜெயசுதாவ எப்படி வச்சிருந்தேன் தெரியுமா? பதினோரு வருசத்துல அவளை ஒரு நா கூடக் குழம்பு வைக்க விட்டது இல்ல. காய் நறுக்கிக் குடுப்பா, மாவு ஆட்டுவா, ஏனம் கழுவுவா. அவ்ளோதான். அடுப்புப் பக்கம் வந்தா, நீ போயி உக்காருன்னு சொல்லிருவேன். எந்த வீட்டுலயாச்சும் சின்ன மருமகளை இவ்ளோ சொகுசா வச்சிருப்பாகளா? சொல்லு.

அப்படி இருக்கயில, ஒரு நா ராமசுப்பு சோத்துக்கு உக்காந்தவன் தலையக் குனிஞ்சுக்கிட்டே, "மதினி, அவ தனியா ஒரு அடுப்பு வச்சுக்கிறலாமான்னு கேக்குறா"ன்னான்.

ரசம் ஊத்தப் போனவ கரண்டியோட நின்னுட்டேன். "ஏன், நான் வைக்கிறது நல்லா இல்லையா?"ன்னேன்.

"அதெல்லாம் இல்லக்கா"ன்னு அவதான் உள்ள இருந்து வந்தா. "யாழினிக்கு ஸ்கூல் பஸ்ஸு காலையில ஆறரைக்கே வந்துருது. அவளுக்கு என் கையால எதாச்சும் செஞ்சு குடுத்து விடணும்னு ஆசையா இருக்கு."

ஆசையாம். நான் அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறவ. நான் செஞ்சு குடுத்தா ஆகாதா? கேக்கலை. வாயில வந்துச்சு, முழுங்கிட்டேன்.

எங்க பக்கம் எப்படின்னா, அடுப்பு பிரிஞ்சா குடும்பம் பிரிஞ்சது. பங்காளிக பாத்தவுடனே கேக்கறதே அதுதான். "இன்னும் ஒரே அடுப்புதானா? இல்ல, தனித் தனியா?" ஒரே அடுப்புன்னு பதினோரு வருசமா நெஞ்சை நிமித்திச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவ நான். இனிமே என்னன்னு சொல்றது?

எங்க வீட்டுக்காரவுகதான், "அடுப்படியும் பழசாப் போச்சு, கடப்பாக் கல்லு உடைஞ்சு கிடக்கு. இடிச்சுக் கட்டுறப்ப நடுவுல ஒரு சுவரை வச்சு ரெண்டாக்கிருவோம். ரெண்டு பேருக்கும் நிம்மதி"ன்னாக. யாருக்கு நிம்மதி? ஆம்பளைகளுக்கு எல்லாமே சிமெண்டும் செங்கலும்தான்.

கொத்தனாரு வேலை முடிஞ்சு, கேஸ் லைன் போட விருதுநகர்ல இருந்து செல்வின்னு ஒரு தம்பி வந்துச்சு. சிலிண்டரு ரெண்டும் வெளிய முத்தத்துல இருக்கட்டும், அங்கேருந்து காப்பர் பைப்புல உள்ள கொண்டாரலாம்னுச்சு. அப்புறம் பென்சிலை எடுத்து என் பக்கத்துச் சுவத்துல ஒரு வட்டம், அவ பக்கத்துச் சுவத்துல ஒரு வட்டம். அவுகவுக வால்வு அவுகவுக பக்கமாம்.

நான், "ரெண்டையும் இங்கிட்டே வச்சிரு தம்பி"ன்னேன்.

அது சிரிச்சுக்கிட்டே, "அப்படி வைக்கக் கூடாதும்மா. யாரு சமைக்கிறாகளோ அவுக கைக்கு எட்டணும். அடுப்புக்கு மேலயும் இருக்கக் கூடாது, ரொம்பத் தள்ளியும் இருக்கக் கூடாது. அந்தப் பக்கம் தீப் பிடிச்சா அவுக அங்கிருந்து சுத்தி இங்க ஓடி வரணுமா?"ன்னுச்சு.

"நான்தான் இங்கயே இருக்கேனே"ன்னேன்.

ஜெயசுதா வாசப்படியில நின்னா. "என் அடுப்புக்கு என் பக்கம் இருந்தா நல்லாருக்கும்க்கா"ன்னா. ஒரே ஒரு தடவைதான் சொன்னா. நான் சிரிச்சுக்கிட்டேதான் பதில் சொன்னேன். "நீ மறதிக்காரி. கலியாணமான புதுசுல வெறும் அடுப்பை எரிய விட்டுட்டுப் போயி டிவி பாத்தவதானே"ன்னேன். செல்வினும் சிரிச்சுச்சு, கொத்தனாரும் சிரிச்சாரு. அவளும் சிரிச்சா. சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. செல்வின் அந்தப் பக்கத்து வட்டத்தைக் கட்டை விரலால அழிச்சுச்சு. அவ அது அழியறதையே பாத்துக்கிட்டு நின்னா.

உன்கிட்டச் சொல்றதுக்கென்ன. மறதின்னு சொன்னது சும்மா. என் மனசுல ஒரு எண்ணம். சுவரு வந்துட்டுப் போகட்டும், கேஸைத் திறக்குற கை ஒண்ணா இருந்தா அடுப்பு ஒண்ணுதானே? பங்காளிக கேட்டா அப்படிச் சொல்லிக்கிறலாமில்ல? சொன்னேன். எல்லார்கிட்டயும் சொன்னேன். அதனாலதான் அவ புது அடுப்புல பால் காய்ச்சக் கூட விடலை. பால் காய்ச்சுனா அது தனிக்குடித்தனம் ஆயிரும். "இது என்ன புது வீடா? அடுத்த ரூமு. பேசாம உலையப் போடு"ன்னுட்டேன். எடுத்து வச்ச பால் செம்பை அவ என் பக்கத்துலயே கொண்டாந்து வச்சுட்டுப் போயிட்டா.

அப்புறம் நல்லாத்தான் போச்சு. நல்லான்னா, எனக்கு அந்த ஒரு வருசம் மாதிரி எந்த வருசமும் இருந்தது இல்ல தாயி. மேல பாரு, சுவரு உத்தரம் வரைக்கும் போகலை, ஒரு முழம் விட்டிருக்கு. அந்தப் பக்கம் பேசுனா இங்க கேக்கும். காலையில அஞ்சுக்கு ரெண்டையும் திறப்பேன். எட்டு மணிக்குச் சமையல் முடிஞ்சதும் ரெண்டையும் மூடிருவேன். சும்மா திறந்து போட்டு வைக்கலாமா? அப்புறம் அவளுக்கு வேணும்னா கூப்பிடுவா. "அக்கா, திறந்து விடுறீகளா?" பிள்ளைக்குப் பால் காய்ச்சணும்னா கூப்பிடுவா. சுடுதண்ணிக்குக் கூப்பிடுவா. ஒரு நாளைக்கு ஏழு தடவை, எட்டு தடவை. ஒரே அடுப்பா இருந்தப்பக் கூட அவ என்னை அத்தனை தடவை கூப்பிட்டது இல்ல. எவ்ளோ பாசமாக் கூப்பிடுவா தெரியுமா? அக்கான்னு ஒரு இழுப்பு இழுப்பா.

சில நேரம் கேட்டும் கேக்காத மாதிரி இருந்துருவேன். சும்மாதான். இன்னொரு தடவை கூப்பிடட்டுமேன்னு.

சிரிக்கிறியா? இல்லையா? சரி.

போன வருசத்துக்கு முந்தின வருசம் ஆவணியில, யாழினி பொறந்த நாளு. அவ அங்க கேசரி கிண்டுனா. வாசம் இங்க வருது. பிள்ளை ஓடி வந்து ஊட்டி விடும்னு உக்காந்திருக்கேன். கொஞ்ச நேரம் கழிச்சு ஜெயசுதா வந்தா, ஒரு கிண்ணத்துல போட்டு, மேல ஒரு தட்டை வச்சு மூடி. பக்கத்து வீட்டுக்குக் குடுத்து விடுவோம்ல, அப்படி. "சாப்பிடுங்கக்கா"ன்னு வச்சுட்டுப் போயிட்டா. கிண்ணத்தைப் பாக்கப் பாக்க எனக்கு அழுகை வந்துருச்சு. நான் தின்னலை. அவுகதான் தின்னாக.

மறுநாள் கோவில்பட்டியில எங்க சித்தி மக கலியாணம். நானும் அவுகளும் விடியறதுக்கு முன்னாலயே கிளம்பிட்டோம். வெளியூர் போனா கேஸை மூடிட்டுத்தான் போகணும், அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. மூடினேன். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கு, கை ரெண்டையும் மூடிருச்சு. முன்கட்டைப் பூட்டிச் சாவியப் பையில போட்டுக்கிட்டேன். கேசரிக்காக மூடுனேன்னு நினைக்காத. அதுக்காக மூடலை. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

அன்னைக்குன்னு பாத்து ஜெயசுதாவோட அப்பா வந்துருக்காரு, சாத்தூர்ல இருந்து. மாடசாமின்னு பேரு. நகராட்சியில தண்ணிக் குழாய் வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு. கால் வீங்கிக்கிச்சுன்னு ரெண்டு வருசமா எங்கயும் போகாத மனுசன், மகளுக்குத் தனி அடுப்படி கட்டியிருக்காகளாமே, பாத்துட்டு வருவோம்னு பஸ்ஸு ஏறி வந்துருக்காரு. அவளுக்குக் கை கால் ஓடலை. அப்பாவை உக்கார வச்சுட்டு காபி போடப் போயிருக்கா. அடுப்பைத் திருகுனா கேஸு வரலை.

எனக்குப் போன் பண்ணியிருக்கா. மூணு தடவை. மேளச் சத்தத்துல எனக்குக் கேக்கலை. இல்ல, மூணாவது தடவை பாத்தேன். பந்தியில உக்காந்திருந்தேன். திறந்து விடச் சொல்லத்தான் கூப்பிடுவா, சாவி எங்கிட்ட இருக்கு, கோவில்பட்டியில இருந்துக்கிட்டு நான் என்ன செய்ய முடியும்னு விட்டுட்டேன். சாயங்காலம் போயித் திறந்தாப் போச்சு. தப்பா?

இதெல்லாம் எனக்கு அப்பத் தெரியாது. திரும்பி வந்தப்பவும் அவ சொல்லலை. அவ அடுப்படி மேடையில ஒரு பொட்டலம் சாத்தூர் காராச்சேவு இருந்துச்சு. "யாரு வந்தா?"ன்னேன். "அப்பா வந்துட்டுப் போனாரு"ன்னா. அவ்ளோதான். முகத்துல ஒண்ணும் இல்ல.

ஐப்பசியில அவரு செத்துப் போனாரு. தூக்கத்துலயே. நானும் அவுகளும் சாத்தூருக்குப் போனோம். எழவு வீட்டுல பொம்பளைக வந்தா கட்டிப் பிடிச்சு அழுகுறது வழக்கம்ல. வந்தவுக அத்தனை பேரையும் ஜெயசுதா கட்டிக்கிட்டு அழுகுறா. நான் "அடி என் தங்கமே"ன்னு கைய விரிச்சுக்கிட்டுப் போறேன். அவ எந்திரிச்சு, தண்ணி கொண்டாரேன்னு உள்ள போயிட்டா. நான் விரிச்ச கையோட நின்னேன். எல்லாரும் பாக்குறாக. எனக்கு எப்படி இருக்கும் சொல்லு. துக்கத்துல இருக்கா, போகட்டும்னு என் மனசை நானே தேத்திக்கிட்டேன்.

காரியம் முடிஞ்சு வந்தவ, வரும்போதே கையில கரண்டு அடுப்போட வந்தா. இண்டக்சனாம். பொத்தானை அமுக்குனா சூடாகிரும். மறுநாள் காலையில அஞ்சுக்கு நான் திறந்து வச்சுட்டு உக்காந்திருக்கேன். எட்டுக்கு மூடினேன். அப்புறம் கூப்பிடுவா கூப்பிடுவான்னு காதைத் தீட்டிக்கிட்டே இருக்கேன். பத்து மணி ஆச்சு, பன்னெண்டு ஆச்சு. அந்தப் பக்கம் குக்கர் விசில் அடிக்குது. என்னைக் கூப்பிடவே இல்ல. மறுநாளும் கூப்பிடலை. அதுக்கு மறுநாளும் கூப்பிடலை.

யாழினிதான் ஒரு நா சொல்லுச்சு. என் மடியில உக்காந்து தலை பின்னிக்கிட்டு இருக்கயில, சாதாரணமாச் சொல்லுச்சு. "பெரியம்மா, அன்னைக்குத் தாத்தா வந்தப்ப அம்மா கேஸு தீந்து போச்சுன்னு பொய் சொல்லுச்சு. தாத்தா முத்தத்துக்குப் போயி சிலிண்டரைத் தூக்கிப் பாத்துச்சு. தூக்க முடியலை, முழுசா இருந்துச்சு. அப்புறம் அந்தப் பைப்பைத் தடவிக்கிட்டே வந்துச்சு. வெளியில அது உங்க அடுப்படிக்குள்ள நுழையுற வரைக்கும் தடவிக்கிட்டே வந்துச்சு. அப்புறம் எங்க அடுப்படியில, உங்க பக்கத்துல இருந்து பைப்பு சுவத்து வழியா வருதுல்ல, அங்க வந்து கைய வச்சுக்கிட்டு நின்னுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் தண்ணி குடு தாயின்னு அம்மாகிட்டக் கேட்டுச்சு. குடிச்சுட்டுப் போயிருச்சு."

குழாய் வேலை பாத்தவரு. எந்தக் குழாய் எங்கிட்டுப் போகுதுன்னு அவருக்கு யாரும் சொல்லித் தர வேணாம். மக தனி அடுப்படியில ராணி மாதிரி இருக்கான்னு பாக்க வந்த மனுசன், ஒரு வாய் காபி இல்லாம பச்சைத் தண்ணியக் குடிச்சுட்டு வெயிலோட போயிருக்காரு. அதுக்கப்புறம் அவரு இந்த வீட்டுக்கு வரவே இல்ல. வர நாளும் இல்ல.

அன்னைக்கு அழுதேன் தாயி. முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டு அழுதேன், சுவருக்கு மேல சத்தம் போயிரும்னு. அவரு வருவாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, முந்தின நாளே சொல்லியிருந்தா, நான் திறந்து வச்சுட்டுப் போயிருப்பேன்ல? அவளுக்கே தெரியாதாம், சொல்லாம வந்தாராம். அது வேற.

அன்னையில இருந்து வலது பக்கத்து வால்வை நான் மூடறதையே விட்டுட்டேன். பகல் முழுக்கத் திறந்தேதான் கிடக்கும். அதை அவகிட்டச் சொல்லணும்னு தினம் நினைப்பேன். நானாப் போயி எப்படிச் சொல்றது? ஒரு தடவை கூப்பிடட்டும், கூப்பிட்டா, திறந்துதான் இருக்கு ஜெயசுதான்னு சொல்லுவோம், அப்படியே அப்பா விசயத்தையும் பேசிருவோம்னு காத்துக்கிட்டு இருந்தேன். கார்த்திகை போச்சு, மார்கழி போச்சு, அதுக்கப்புறம் ஒரு வருசமே போச்சு. அவ கூப்பிடவும் இல்ல, நான் சொல்லவும் இல்ல.

இந்தத் தையில வீடு மாறிட்டாக. பைபாஸ் பக்கம் ஒரு மாடி வீடு. ராமசுப்பு வந்து, "வேன் நிறுத்த அங்க இடம் இருக்கு மதினி"ன்னான். இங்கயும் இடம் இருந்துச்சு. எங்க வீட்டுக்காரவுக ஷிஃப்ட்டுன்னு மில்லுக்குப் போயிட்டாக.

பால் காய்ச்சுறதுக்குக் கூப்பிட்டிருந்தாக. போனேன். போகாம இருப்பேனா? ஜெயசுதா எல்லாரு முன்னாலயும், "அக்கா, நீங்க பத்த வைங்க"ன்னா. மூத்தவளுக்கு உள்ள மரியாதைய அவ குறைக்கலை, பாத்துக்க. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. அவ அடுப்படி சின்னதுதான், ஆனா பளிச்சுன்னு வச்சிருக்கா. மேடைக்குப் பக்கவாட்டுல, அவ நிக்கிற இடத்துலயே வால்வு. திறந்தேன், பத்த வச்சேன், பாலு பொங்குச்சு. எல்லாரும் குலவை போட்டாக. இறக்கி வச்சேன்.

அப்புறம் ஜெயசுதா வந்தவுகளுக்குக் காபி போட ஏனத்தை வச்சா. லைட்டரை அடிக்கிறா, பத்தலை. இன்னொரு தடவை அடிக்கிறா, பத்தலை. "என்னாச்சு?"ங்கறாக எல்லாரும். எனக்கும் புரியலை. யாழினி என் கையப் பாத்துச்சு. பாலை இறக்கி வச்ச கையோட நான் வால்வை மூடியிருக்கேன். மூடுனதோட கைய அதுமேலயே வச்சுக்கிட்டு நிக்கிறேன். எனக்கே தெரியலை தாயி.

பிள்ளை என் காதுகிட்ட வந்து, ரொம்ப மெதுவா, "பெரியம்மா, இது எங்க வீடு"ன்னுச்சு.

ஜெயசுதா என் கைய எடுத்து ஓரமா வச்சுட்டு, அவளே திறந்துக்கிட்டா. காபி போட்டு எனக்குத்தான் முதல்ல குடுத்தா. நல்லா இருந்துச்சு. டிகாசன் திட்டமா, சக்கரை கம்மியா, எனக்குப் பிடிச்ச மாதிரியே. பதிமூணு வருசத்துல அவ கையால நான் குடிச்ச முதல் காபி. இவ்ளோ நல்லாப் போடுவான்னு எனக்குத் தெரியவே தெரியாது. அதைக் குடிக்கக் குடிக்க அவ அப்பா நெனப்புதான் வந்துச்சு. பாதியில வச்சுட்டு வந்துட்டேன்.

இவ்ளோதான் கதை. இதையெல்லாம் யாருகிட்டச் சொல்றது? நீ கேட்டதால சொன்னேன்.

வால்வை அங்கிட்டு மாத்திக் குடுப்பீகளான்னா கேக்குற? மாத்தலாம். செல்வினைக் கூப்பிட்டா ஒரு நாள் வேலைதான். எங்க வீட்டுக்காரவுகளும் அதைத்தான் சொல்றாக, மாத்தித் தொலைச்சிரு, அப்பத்தான் ஆளு குடி வரும்னு. ஆனா எதுக்குத் தாயி? நான் எங்க போகப் போறேன். இனிமே கலியாணம் காச்சின்னு எங்கயும் போறது இல்ல. பகல் பூரா இங்கனயேதான் கிடக்கேன். உனக்கு எப்ப வேணுமோ ஒரு குரல் குடு. இப்பெல்லாம் முதல் கூப்பாட்டுக்கே எந்திரிச்சிருவேன். ரெண்டாவது தடவை கூப்பிட விட மாட்டேன்.

ஏன் எந்திரிச்சுட்ட? வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றியா? கேளு, நல்லாக் கேளு. அவசரம் இல்ல.

இரு, போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. கோவிச்சுக்கிராம அந்தப் பின்கட்டு அடுப்படிக்குப் போயி, மேடைகிட்ட நின்னு, ஒரு தடவை கூப்பிடு. சும்மா, இங்க சத்தம் கேக்குதான்னு பாக்கத்தான். அக்கான்னு கூப்பிடு. கொஞ்சம் இழுத்துக் கூப்பிடு.

போ தாயி. நான் இங்க வால்வுகிட்ட நிக்கிறேன்.